சித்தி பார்த்த இத்தாலி நாடகம்

கோத்தகிரிக்கு வந்து குடியேறிய ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவருக்கு இத்தாலிய இசை நாடகம் என்றால் உயிர். சென்னையில் நாற்பது வருடம் காது மூக்கு தொண்டை வைத்தியம் பார்த்தவர். ஊரார் தொண்டையை இத்தனை காலம் எட்டிப் பார்த்தவருக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்ததில் வியப்பில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் சின்ன மண்டபம் ஒன்றைப் பிடித்து, திரை கட்டி, அந்த நாடகங்களைப் படமாகக் காட்டுவார். எட்டுப் பேர் வருவார்கள். அதில் மூன்று பேர் தூங்கிவிடுவார்கள்.

போன வருடம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எஸ்டேட் ஆட்களையும் அழைத்து வந்து, ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் தமிழில் கதை சொன்னால் என்ன என்று என்னிடம் கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். மைக் தருகிறோம் என்று யார் சொன்னாலும் மறுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. கதை என்ன என்று கேட்பதற்கு முன்பே சரி என்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் கதைச் சுருக்கத்தை எழுதிக் கொடுத்தார். நாடகத்தின் பெயர் என் வாயில் நுழையவில்லை, அதை விட்டுவிடுவோம். இத்தாலியில் ஒரு பெரிய இடத்துப் பெண். அவள் பெயரைச் சொன்னாலே ஊர் நடுங்கும். பிடிக்காதவர்களுக்கு விஷம் வைத்துக் கொல்கிறவள். அவளுக்கு ஒரு மகன் உண்டு. ரகசியமாகப் பெற்று, வேறெங்கோ வளர விட்டிருக்கிறாள். அவனுக்குத் தன் தாய் யார் என்று தெரியாது. தன்னை அவமானப்படுத்திய சிலருக்கு அவள் விருந்தில் விஷம் கலக்கிறாள். அந்தக் கூட்டத்தில் மகனும் உட்கார்ந்து குடித்துவிடுகிறான். கடைசியில்தான் நான் உன் அம்மா என்று சொல்கிறாள். அவன் செத்துப் போகிறான்.

படித்து முடித்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு நேராகப் போய்த் தண்ணீர் குடித்தேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என்னை வளர்த்த அம்மா வேறு, பெற்றவள் வேறு. பெற்றவள் அம்மாவின் தங்கை, என் சித்தி. கீழ் கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் முதல் பெண் சூப்பர்வைசர் அவள்தான். கல்யாணம் ஆகாதவள். அந்த வேலை கிடைத்த கொஞ்ச நாளில், பிள்ளையில்லாத அக்காவும் தங்கையுமாக தேவர்சோலையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். ஐந்து மாதம் கழித்து அக்காவின் கையில் என்னோடு திரும்பி வந்தார்கள். பெற்றவளாகச் சொல்லப்பட்ட அக்கா போனபோது இருந்த மாதிரியே குச்சியாகத் திரும்பியிருக்கிறாள். தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் சுவர் ஒன்றுதான், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கஷாயம் வைப்பார்கள். அங்கே இதை மறைத்துவிட்டதாக அக்கா தங்கை இருவரும் நம்பியதுதான் வேடிக்கை.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கைக்குழந்தைக்காரிகளைக் காலை பத்து மணிக்கு வேலையிலிருந்து விடுவார்கள். கூடையை வைத்துவிட்டுப் பிள்ளைக் காப்பகத்துக்கு ஓடிவந்து, பால் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். யாரும் அதிக நேரம் உட்கார்ந்துவிடக் கூடாது என்று சித்தி கையில் கடிகாரத்தோடு காப்பக வாசலில் வந்து நிற்பாளாம். மற்ற சூப்பர்வைசர்கள் எட்டிக்கூடப் பார்க்காத இடம் அது. பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்குக்கூட மணி பார்க்கிற ராட்சசி என்று பெயர் வாங்கிவிட்டாள். காப்பகத்து ஆயா மட்டும் வேறு ஒன்றைக் கவனித்திருக்கிறாள். சித்தி கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. கடைசித் தொட்டிலைத்தான் பார்ப்பாள். அதில் புட்டிப் பாலோடு கிடந்தது நான். பத்தாவது பாஸான அன்று நான் மிட்டாய் கொடுக்கப் போனபோது ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னாள்.

அன்றிலிருந்து எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது சித்திக்குத் தெரியாது. ஒரே வீட்டில் மூன்று பேரும் இருக்கிறோம்; வளர்த்த அப்பா இருந்தவரை நான்கு பேர். சித்தி என் தலைமுடியைப் பின்னிவிட்டிருக்கிறாள், காலேஜ் ஃபீஸ் கட்டியிருக்கிறாள், காய்ச்சலில் கூடவே விழித்திருந்திருக்கிறாள். ஆனால் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நானாகக் கேட்கக் கூடாது, அவளாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. எனக்கு அப்போது நாற்பத்திமூன்று வயது, அவளுக்கு அறுபத்தெட்டு. சொல்லாமலே போய்விடுவாளோ என்ற பயம் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. வேறு எந்தக் குறையும் எனக்கு இல்லை, இது ஒன்றுதான்.

அந்தக் கதையை மைக்கில் சொல்லும்படி ஆகிவிட்டது. முடியாது என்று சொல்லிவிட்டிருக்கலாம். சொல்லவில்லை. சித்தி வரமாட்டாள் என்று நினைத்தேன். படம் என்றால் அவளுக்குத் தலைவலி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் எஸ்டேட் ஜீப் வந்து நின்றபோது முன்சீட்டில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அம்மா. எங்க புள்ள மைக்குல பேசுதாமே என்று அம்மாதான் கிளப்பி அழைத்து வந்திருக்கிறாள். பின்னாலேயே இன்னும் இரண்டு ஜீப்பில் லைன் ஆட்கள் முப்பது பேர். டீயும் பன்னும் உண்டு என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டாவது வரிசை நடுவில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்தார்கள். வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகியும் சித்திக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை.

நான் எழுதி வைத்திருந்தது நல்ல தமிழ். சிற்றரசு, கோமகள், குலப்பகை என்றெல்லாம் அழகாகத் தொடங்கினேன். இரண்டு நிமிடத்தில் பின்வரிசையில் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வகுப்பறையில் எனக்கு எப்போது கோபம் வருமோ அப்போது வந்தது. காகிதத்தை மடித்தேன். புரிகிற மாதிரி சொல்கிறேன் கேளுங்கள், இந்த அம்மாவைப் பார்த்தால் ஊரே நடுங்கும், கொழுந்து எடை போடுகிற இடத்தில் எங்கள் சித்தி தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் உங்களுக்கெல்லாம் எப்படி இருக்கும், அப்படி என்றேன்.

மண்டபம் சிரித்த சிரிப்பில் டாக்டரின் திரை ஆடியது. ஒரு பெண் எழுந்து நின்று, முற்றிய இலையைக் கூடைக்கு அடியில் ஒளித்துவைத்து ஒரு தடவை மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். சித்திக்கும் உள்ளுக்குள் பெருமைதான். முந்தானையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாராட்டைக் கொஞ்சம் ரசித்துவிட்டு அடுத்த வரியைச் சொல்லக் காகிதத்தைப் பிரித்தேன்.

அடுத்த வரி இதுதான்: ஆனால் யாருக்கும் தெரியாமல் இவளுக்கு ஒரு பிள்ளை உண்டு.

வாய் திறந்தபடியே நின்றுவிட்டேன். அந்த மண்டபத்தில் இருந்த முப்பது பேருக்கும் என் கதை தெரியும். அந்தப் பெண்ணை சித்தி என்று நானே சொல்லி, நானே சிரிக்க வைத்திருக்கிறேன். டாக்டர் ஓரத்திலிருந்து சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கைகாட்டினார். திரையில் தூங்குகிற ஒரு பையன் பக்கத்தில் அந்த அம்மா வந்து நின்றாயிற்று. பதறிப் போய், இந்தப் பையன் மேல் அவளுக்கு ரொம்பப் பிரியம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த ஒரு பொய் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அரை மணி நேரத்தில் அந்த அம்மாவின் கணவன் வந்து, மனைவிக்கும் இந்தப் பையனுக்கும் ஏதோ தொடர்பு என்று சந்தேகப்பட்டுக் கத்தினான். அது கதையிலேயே உள்ளதுதான். கணவனுக்கும் உண்மை தெரியாது. ஆனால் எங்கள் ஆட்கள் முழுக்கக் கணவன் கட்சிக்குப் போய்விட்டார்கள். இந்த வயதில் இவளுக்கு இது தேவையா, பையனுக்கு மகன் வயசு இருக்குமே என்று பெண்கள் தாடையில் கைவைத்துக்கொண்டார்கள். நல்ல மனுஷன், பாவம், என்று ஒருவர் கணவனுக்காக உச்சுக்கொட்டினார். அவன் பையனுக்கு விஷம் கொடுத்தபோது கைதட்டல்கூட விழுந்தது. அவள் ரகசியமாக மாற்று மருந்து கொடுத்து அவனைப் பிழைக்க வைத்ததும் எல்லோருக்கும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அது அப்படியில்லை, வேறு மாதிரி என்று உளறிக்கொண்டிருந்தேன். வேறு மாதிரி என்றால் எப்படி என்று பின்வரிசையில் கேட்டார்கள். பதில் தெரிந்தும் சொல்ல முடியாத ஆசிரியையாக நான் நின்றது அன்று ஒரு நாள்தான்.

அப்போது சித்தி பேசினாள். எழுந்துகூட நிற்கவில்லை. திரையைப் பார்த்தபடியே, எடை போடும் இடத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"அவ அவனுக்கு அம்மாங்க. தூங்குற பையன நின்னு பாத்தாளே, அந்தப் பார்வை தெரியலீங்களா உங்களுக்கு?"

அவளுக்கு இத்தாலி பாஷையும் தெரியாது, நான் சொன்னதும் தப்பு. இருந்தும் கண்டுபிடித்துவிட்டாள். அம்மா மெதுவாகக் கையை நீட்டித் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சித்தி என் பக்கம் திரும்பினாள்.

"என்ன கண்ணு, செரிதானே?"

சரிதான் சித்தி என்று சொன்னேன். மைக்கில் சொன்னதால் மண்டபம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு கதையை ஒளிக்காமல் சொன்னேன். கடைசிக் காட்சியில் விஷம் குடித்த பையன் உயிர் போகிற நேரத்தில் நிறுத்தி நிதானமாகப் பாடியபோதுகூட, மூச்சு விட முடியாதவன் பாட்டு மட்டும் விடுகிறானே என்று ஒரே ஒருவர்தான் முணுமுணுத்தார். நான் உன் அம்மா என்று அவள் சொல்கிற இடம் வந்தபோது நான் மைக்கை அணைத்துவிட்டேன். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சித்தி மட்டும் பொறுக்க மாட்டாமல் அம்மாவிடம் சொன்னாள். முன்வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது.

"இத மொதல்லயே சொல்லீருந்தா அந்தப் பையன் அந்த ஊட்டுக்கு விருந்துக்கே போயிருக்க மாட்டானேக்கா. வீம்புக்காரி."

படம் முடிந்து டீக்கு வரிசை நின்றது. வரிசை என்றால் சித்தி சும்மா இருப்பாளா. ஓரமாக நின்று, தள்ளாதீர்கள், ஆளுக்கு ஒரு பன் என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். நான் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சந்தோஷத்தில் இருந்தார். அவருடைய நாடகத்துக்கு இதுவரை யாரும் இப்படிக் கட்சி கட்டியதில்லை. நேராக சித்தியிடம் வந்து, நீங்கள் சொன்னதுதான் இன்றைக்கு எல்லாவற்றையும் காப்பாற்றியது என்றார். பிறகு என்னைக் காட்டி, இவ்வளவு நன்றாகப் பேசுகிறார்களே, நீங்கள்தான் வளர்த்தீர்களா என்று பேச்சுவாக்கில் கேட்டார். அவர் ஊருக்குப் புதியவர், பாவம்.

சித்தி முதலில் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பன்னைத் தின்றபடியே தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தாளோ என்னவோ.

"வளத்தது எங்கக்காங்க. பெத்தது நானு."

டாக்டர் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி, சர்க்கரை போட்ட டீயா போடாத டீயா என்று கேட்டார். அவருக்கு அது ஒரு விவரம், அவ்வளவுதான். டீ வாங்கியவர்களெல்லாம் கப்பை வாயருகே வைத்தபடி நின்றார்கள். என் கையிலிருந்த டீ கொட்டிப் புடவையெல்லாம் நனைந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் எனக்கு மூக்கு ஒழுகியது. இருபத்தெட்டு வருடமாக இந்த நிமிடத்துக்காக நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்த நல்ல தமிழில் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒருத்திதான் காப்பாற்றினாள். எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதானுங்க, கொஞ்சம் நகருங்க, டீ ஆறுது என்றாள். மண்டபம் மறுபடி சிரித்தது. சித்தியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

திரும்பிப் போக ஜீப் வந்தது. இரண்டு பேருக்கும் முழங்கால் வலி, ஜீப்பின் படியோ உயரம். ஒருவரை ஒருவர் நீ முதலில் ஏறு, நீங்கள் ஏறுங்கள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பின்னாலிருந்து, "அம்மா, பாத்து ஏறுங்க" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.