மேல்வீதியைப் பூட்டிய குளிர்காலம்

ஜேர்மனியில் நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பனி வழிக்கிற வேலை. ஹம் நகரில் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடியபோது, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என்னைக் கனரக வாகனம் ஓட்டப் படிக்கச் சொன்னார்கள். படித்து முடித்ததும் சவர்லாண்ட் மலைப்பகுதியில் ஒரு சிறிய நகரசபையில் இடம் கிடைத்தது. கோடையில் புல் வெட்டுவோம், வீதியில் விழுந்த குழிகளை அடைப்போம். குளிர்காலத்தில் லொறியின் முன்னால் பெரிய இரும்புத் தகட்டைப் பூட்டி, பின்னால் உப்பை நிரப்பிக்கொண்டு வீதி வீதியாகப் பனியை வழிப்போம். என் மனைவி அதே ஊரிலுள்ள முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தாள்.

எல்லா வீதிகளிலும் எனக்குப் பிரியமானது மேல்வீதி. நகரத்தின் கடைசி வீடுகளைத் தாண்டி, இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து உச்சிக்கு ஏறும். உச்சியில் வாகனம் நிறுத்த ஓர் இடமும் ஒரு பழைய விடுதியும் இருந்தன. சூப், கேக், கோப்பி, மாடியில் சில அறைகள், அவ்வளவுதான். கணவர் இறந்த பிறகு விடுதிக்காரி அதைத் தனியாக நடத்திவந்தார். விடிகிற நேரத்தில், யாரும் மிதிக்காத பனியில் முதல் தடத்தைப் போட்டுக்கொண்டு ஏறுவேன். தகட்டின் ஓரத்தால் பனி அலைபோல எழுந்து விழும். உச்சிக்குப் போனதும் அவர் கதவைத் திறந்து, ஒரு கோப்பை கோப்பியை லொறி ஜன்னலுக்கு நீட்டுவார். நின்று குடிக்க நேரம் இருக்காது. கோப்பையை அடுத்த சுற்றில் திருப்பிக் கொடுப்பேன்.

ஆனால் அந்த வீதி காசு தின்றது. முன்பு அவ்வளவு இல்லை. பிறகு மரப்பட்டைக்குள் குடியிருக்கும் ஒரு சின்ன வண்டு வந்து சரிவிலிருந்த ஊசியிலை மரங்களைக் கொன்றது. காய்ந்து சிவந்த மரங்களை வெட்டி அகற்றினார்கள். அந்த மரங்கள் இத்தனை காலமும் காற்றை மறித்துக்கொண்டு நின்றிருக்கின்றன என்பது அவை போன பிறகே எங்களுக்கு விளங்கியது. மொட்டைச் சரிவில் காற்று பனியை வாரிக்கொண்டு வந்து வீதியில் கொட்டும். நான் மேலே போய்த் திரும்புவதற்குள் என் தடம் இருந்த இடமே தெரியாது. காலையில் ஒருமுறை ஓடினால் போதும் என்றிருந்த வீதியில் நாள் முழுக்க ஓட வேண்டியதாயிற்று. டீசல் போனது, உப்பு போனது, ஓவர்டைம் ஏறியது, தகட்டின் விளிம்பு தேய்ந்து தேய்ந்து மாற்ற வேண்டி வந்தது. வசந்தம் வந்தால் உப்புநீர் இறங்கி உறைந்து வெடித்த தாரை அடைக்கவும் நான்தான் போவேன். உப்பை நக்க மான்கள் நடுவீதிக்கு வந்து நிற்கும். ஹோர்ன் அடித்தாலும் ஆறுதலாக, மெல்லத்தான் விலகும்.

ஓர் இலையுதிர்காலத்தில் மேயர் எல்லோரையும் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்குக் கூப்பிட்டார். மேல்வீதியைக் குளிர்காலத்தில் திறந்து வைத்திருக்க இனி நகரத்தால் முடியாது என்று நேராகவே சொன்னார். பாலர் பாடசாலையின் கூரை ஒழுகுகிறது, அந்தப் பணம் அங்கே போகவேண்டும் என்றார். விடுதிக்காரி எழுந்து, கார் வராவிட்டால் தானும் கதவைப் பூட்டிவிட்டு மகளிடம் போவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கெஞ்சவில்லை.

நான் கையை உயர்த்தினேன். அந்த ஊரில் ஒரு கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. என் ஜேர்மன் மொழி அப்போதும் இப்போதும் ஓட்டை உடைசல்தான். ஆனாலும் மனதில் இருந்ததைச் சொன்னேன். முதியோர் இல்லத்தின் சிறிய பஸ் ஒவ்வொரு குளிர்காலத்திலும் எனக்குப் பின்னால் மேலே வரும். அதில் இருப்பவர்கள் விடுதி ஜன்னலருகே இருந்து கேக் சாப்பிட்டுக்கொண்டு பனியைப் பார்ப்பார்கள். நடக்க முடிந்தவர்களுக்கு மலைக்கு ஆயிரம் வழி, அவர்களுக்கு இந்த ஒரு வீதிதான் என்றேன். கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் பலர் நகரசபை உறுப்பினர்கள். பிறகு அவர்களே வீதியை மூட வாக்களித்தார்கள்.

வெளியே மேயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சொன்னது சரிதான், ஆனால் கூரையும் ஒழுகத்தான் செய்கிறது என்றார். அவரைக் கோபிக்க எனக்கு வழி தெரியவில்லை.

முதல் பெரிய பனி விழுந்த காலையில் கடைசி வீட்டுக்கு அப்பால் தடுப்பை இழுத்துப் பூட்டும் வேலையும் என்னிடமே வந்தது. லொறியைத் திருப்பும்போது கண்ணாடியில் வெள்ளையாகக் கிடந்த வீதியைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தேன்.

“என்னப்பா, செத்த வீட்டுக்குப் போட்டு வந்த மாதிரி இருக்கிறியள்?” என்றாள் மனைவி.

“மேல்றோட்டைப் பூட்டிட்டு வாறன்.”

“நல்லது. இனியாவது சனி ஞாயிறில வீட்டில ஆளைக் காணலாம்.”

அந்த வாரமே விடுதிக்காரி தொலைபேசியில் பேசினார். போவதற்கு மனம் வரவில்லை, இந்த ஒரு குளிர்காலத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். மாவும் பாலும் முடிந்துவிட்டன. கீழே ஒரு விவசாயியிடம் அந்தக் காலத்தில் வைக்கோல் இழுத்த மரச் சறுக்குவண்டி ஒன்று இருக்கிறது, இழுத்துவர ஆள்தான் இல்லை என்றார். எனக்குச் சனிக்கிழமை விடுமுறை. போவதாகச் சொன்னேன். மனைவியும் கூட வந்தாள். ஆசையினால் அல்ல, நான் தனியாகப் போய் எங்காவது விழுந்து கிடப்பேன் என்ற பயத்தினால். இத்தனை வருடம் இங்கே இருந்தும் பனி அவளுக்கு ஓர் இடைஞ்சல் மட்டும்தான். பனி என்றால் பஸ் பிந்தும், வாசலை வழிக்க வேண்டும், சப்பாத்து நனையும்.

அந்த வீதியில் நான் ஒருநாளும் நடந்ததில்லை. லொறிக்குள் எஞ்சின் சத்தமும் தகடு தாரை உரசும் சத்தமும்தான் கேட்கும். இப்போது வீதியோரத்து ஓடை பனிக்கு அடியில் ஓடுவது கேட்டது. மாவும் பாலும் ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு போய் இரண்டாவது வளைவில் நின்று மூச்சு வாங்கினோம். அப்போது மேலிருந்து கூச்சல் வந்தது. நாங்கள் ஓரத்துக்குத் தாவினோம். ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் ஒரே சறுக்குவண்டியில் வளைவைச் சுற்றிப் பறந்துவந்து, எங்களுக்குக் கை காட்டிவிட்டுப் போனார்கள். பின்னால் இன்னொரு வண்டி. அதற்குப் பின்னால் தொப்பி இல்லாத ஒரு பெரிய மனிதர், மல்லாந்து படுத்தபடி.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு லொறியைத் திருப்பிய வளைவுகள் எல்லாம் சறுக்குவதற்கென்றே செய்தவை போல இருந்தன. யாரும் அதைத் திட்டமிடவில்லை. வழிக்காத வீதி, உப்பு இல்லை, கார் இல்லை; பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள், பெற்றோர் பின்னால் வந்தார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது விடுதிக்குள் இருக்க இடமில்லை. சூப் மத்தியானத்துக்கு முன்னமே முடிந்துவிட்டது. முகம் சிவந்துபோய் நின்ற விடுதிக்காரி எங்களைக் கண்டதும் முதலில் மாவைத்தான் பார்த்தார். மனைவி ஜக்கெற்றைக் கழற்றிவிட்டுக் கோப்பை கழுவப் போனாள். நான் விறகு தூக்கினேன். பொழுது படுமுன் இறங்கும்போது அவள் சறுக்குகிறவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிறகு சொன்னாள், “எங்கட ஆக்களையும் கொண்டு வரவேணுமப்பா.”

அவளுடைய ஆட்கள் என்றால் முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள்.

“எப்பிடி? நடக்க ஏலாத ஆக்கள். றோட்டும் பூட்டிக் கிடக்கு.”

“இவ்வளவு மாவையும் பாலையும் இழுத்தனீங்கள்தானே. அவையள் அதைவிடப் பாரமில்லை.”

சொன்னால் சொன்னதுதான். இல்லத்து நிர்வாகி முதலில் தலையை ஆட்டி மறுத்தார். மனைவி டொக்டரிடம் போனாள், முதியவர்களின் பிள்ளைகளுக்குத் தொலைபேசி எடுத்தாள், கடைசியில் தன்னார்வத் தீயணைப்புப் படையிடம் போய் இழுப்பதற்கு ஆட்கள் கேட்டாள். அவர்கள் உடனே சம்மதித்தார்கள். அடுத்த சனிக்கிழமை வெயில் எறித்தது. வர விரும்பிய மூன்று முதியவர்களைக் கம்பளியில் சுற்றி, மடியில் சுடுநீர்ப் பை வைத்து, வண்டிகளில் இருத்தினோம். மேயரும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரு கயிற்றை எடுத்துத் தோளில் போட்டார். முதல் வளைவிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. கயிற்றை விடவில்லை.

அந்த மூவரில் ஒரு மூதாட்டி அதிகம் பேசாதவர். இல்லத்தில் காலையில் வணக்கம் சொன்னால் தலையசைப்பார், அவ்வளவுதான். அன்று வழிநெடுகப் பேசினார். இந்த வீதிக்குத் தார் போடாத காலத்தில், காட்டுப்பாதையாக இருந்தபோது, மேலே இருந்த தங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இதில்தான் சறுக்கிப் போவார்களாம். இந்த இடத்தில் அண்ணன் மரத்தில் மோதினான், இந்த இடத்தில் புத்தகப் பை பறந்தது என்று ஒவ்வொரு வளைவாகக் காட்டிக்கொண்டு வந்தார்.

கேக் சாப்பிட்டு முடிந்து புறப்படும் நேரம் அவர் வண்டியில் ஏற மறுத்துவிட்டார். பொதிபோலக் கட்டி இறக்க வேண்டாம், எப்போதும் இறங்கியதுபோலத் தானே வண்டியைத் திருப்பிச் சறுக்கித்தான் இறங்குவதாகச் சொன்னார். எல்லோரும் மாறி மாறி எடுத்துச் சொன்னோம். கடைசியில் ஓர் ஒப்பந்தம் வந்தது: விடுதிக்குக் கீழே சரிவு குறைந்த அந்த நேரான துண்டு மட்டும், இரண்டு பக்கமும் தீயணைப்புப் படையினர், பின்னால் கயிற்றைப் பிடிக்க ஒருவர், முன்னால் ஒரு பராமரிப்பாளர்.

மூதாட்டி என் மனைவியைப் பார்த்தார். “நீ முன்னால் உட்கார். காலை மேலே தூக்கிப் பிடி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“ஐயோ, எனக்கு ஏலாது,” என்றாள் மனைவி, தமிழில்.

மூதாட்டி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். தள்ளச் சொல்லி என்னிடம் கையைக் காட்டினார். தள்ளினேன்.

மனைவி கத்தத் தொடங்கினாள். கயிறு பிடித்தவர் கொஞ்ச தூரம் ஓடினார், பிறகு அவரால் ஏலாமல் போய் விட்டுவிட்டார். கத்தல் எந்த இடத்தில் சிரிப்பாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூதாட்டி ஒரு குதிகாலை மெதுவாகப் பனியில் ஊன்றினார். வண்டி பணிவாகத் திரும்பி, ஓரத்துப் பனிமேட்டில் மெத்தென்று போய் நின்றது. நாங்கள் எல்லோரும் ஓடினோம். இருவருடைய மூக்குக்கண்ணாடிகளும் பனியால் வெள்ளையாக மூடியிருந்தன. மூதாட்டி இருந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“இன்னொருக்கா,” என்றாள் என் மனைவி.

திங்கட்கிழமை நிர்வாகி அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். கண்டித்து முடித்த பிறகு, அடுத்த முறை தன்னையும் கூட்டிப்போகச் சொன்னார்.

வசந்தத்தில் மேல்வீதியில் நான் அடைக்க வேண்டியிருந்த குழிகள் குறைவு. பாலர் பாடசாலைக்குப் புதிய கூரை வந்தது. நகரசபையில் மறுபடியும் மேல்வீதிப் பேச்சு எழுந்தபோது, இப்போதும் அதைத் திறக்கச் சொல்வேனா என்று மேயர் கேட்டார். காருக்குத் திறக்க வேண்டாம், நடக்க முடியாதவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்றேன். மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, பனிமேல் ஓடும் சிறிய சங்கிலிச் சக்கர வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினார்கள். அது பனியை அழுத்திக்கொண்டு போகும். பின்னால், ஆட்கள் இருப்பதற்கு வாங்கு பொருத்திய சறுக்குவண்டியை இழுக்கும். குளிர்காலத்தில் பனி நிற்கும் சனிக்கிழமைகளில் அதை நான்தான் ஓட்டுகிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வார நாட்களில் கோப்பிக்கு வந்துபோன முழங்கால் நோவுள்ளவர்கள் சிலர் இப்போது வருவதில்லை. மழையாகவே கழிகிற குளிர்காலமும் உண்டு; அப்போது விடுதிக்காரி கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். ஆனால் மகளிடம் போகிற கதையை அவர் விட்டுவிட்டார். சனிக்கிழமைகளில் உதவிக்கு இரண்டு பேரை வைத்திருக்கிறார்.

மனைவி சொந்தமாக ஒரு சறுக்குவண்டி வாங்கிவிட்டாள். மூதாட்டி இன்னமும் எங்களோடு வருகிறார். இப்போது அவர் சறுக்குவதில்லை. ஜன்னலோரம் இருந்து பார்க்கிறார். என் மனைவி பிழையான இடத்தில் குதிகாலை ஊன்றினால், உள்ளே இருந்து கண்ணாடியில் பலமாகத் தட்டுவார். அவள் நின்று, சரி சரி என்று கையைக் காட்டிவிட்டு, வண்டியை மறுபடியும் மேலே இழுத்துக்கொண்டு போவாள்.