புட்டுப் பொதியில் போன கவிதை

பள்ளிமுனை என்ற மீனவக் கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் சுவேதினியின் விரல்களில் எப்போதும் கறுப்பு மை ஒட்டியிருக்கும். அச்சடித்த தாள் எது கிடைத்தாலும், பிடித்த நாலைந்து சொற்களை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் மையால் மூடிவிடுவாள். விட்ட சொற்கள் கவிதையாகும். மூடிய இடத்தில் வெள்ளைப் பேனையால் படம் வரைவாள். மின்வெட்டு அறிவித்தல், தேர்தல் துண்டுப்பிரசுரம் எதுவும் தப்பாது.

தம்பி றொகான் கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு, அவனுடைய முப்பத்தோராம் நாள் நினைவுத் தாளைத் தவிர அவள் வேறெதையும் தொடவில்லை. கோயிலில் கொடுத்து மிஞ்சிய நாற்பதையும் மூடி முடித்துவிட்டாள்.

அன்று விடிய, கடலுக்குப் புறப்பட்ட கணவன் மில்ரன் அவசரப்படுத்தினான். கைக்கு அகப்பட்ட தாளில் புட்டைச் சுற்றிக் கொடுத்தாள்.

மதியம் அவள் முன்பள்ளி முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டு அருளம்மா வேலிக்கு மேலால் கத்தினார். "பிள்ளை, மில்ரனை நேவி மறிச்சு வச்சிருக்காம்! புட்டுப் பொதியிலை ஏதோ ரகசியக் கடிதமாம்!"

சுவேதினி மேசைக்கு ஓடினாள். நேற்று முடித்த தாளைக் காணவில்லை. *இரவில் வா. கரையில் விளக்கு. சொல்லாமல் வா.* கீழே அவள் வரைந்த ஒரு படகு, மூன்று பனை. கஞ்சாப் படகுகளைத் தேடும் கடலில் இதை யார் கவிதை என்பார்கள்?

"அக்கா, தம்பியின்ர நினைவுத் தாள் உங்களிட்டை இருக்கே?"

"செபப் புத்தகத்துக்குள்ள இருக்கு. பொறு, எடுத்துத் தாறன்."

கடற்படை முகாமில் மில்ரன் சுவரோர வாங்கிலில் குனிந்து உட்கார்ந்திருந்தான். அதிகாரி தாளைத் தூக்கிக் காட்டினார். "போட் எத்தனை மணிக்கு வாறது? இந்த மூணு பனை எங்க?"

"அது கவிதை, சேர். பனை... தம்பி வள்ளம் இழுத்து வைக்கிற இடம்."

சொன்ன பிறகுதான் பொய் சொல்லியிருக்கலாமே என்று பட்டது. அதிகாரியிடமிருந்து தாளை வாங்கி, அருளம்மாவின் மூடாத தாளோடு சேர்த்து யன்னலில் பிடித்தாள். வெளிச்சத்தில் சொல் மேல் சொல் பொருந்தியது. *இரவில்* கடலுக்குப் போய்ச் *சொல்லாமல்* மறைந்தவனே. மேலே றொகானின் படம்.

"இந்த ஆள் எங்க?"

"கடலுக்குள்ள, சேர். இன்னும் கிடைக்கேல்லை."

அதிகாரி மை பூசிய தாளை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு மில்ரனைப் போகச் சொன்னார். "கடுதாசி இங்க இருக்கும்."

வீதிக்கு வந்ததும் மில்ரனுக்கு வாய் திறந்தது. "எழுதிறதை வாசிக்க ஆளில்லை எண்டு அழுவியே, இண்டைக்கு நாலு பேர் வாசிச்சவங்கள். இனி எனக்கு வாழையிலையிலை கட்டித் தா, தாயே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபட அந்த மூன்று பனையடியில்தான் அவள் தம்பிக்கு மெழுகுதிரி கொளுத்துவாள். நாளை வெள்ளி. தன் வாயாலேயே நேவிக்கு இடத்தையும் சொல்லியாயிற்று; கரையில் விளக்கைக் கண்டால் வந்து நிற்பார்கள்.

"நாளைக்கு நீங்களும் வாங்கோ," என்றாள். "தனியப் பயமாக் கிடக்கு."