முசுடு வைத்திருந்த பிரதி

இதை நான் இமையால் எழுதுகிறேன். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து நகரும். வேண்டிய எழுத்து வரும்போது கண்ணைக் கொஞ்சம் நிதானமாக மூடித் திறந்தால் அது பதிந்துவிடும். வாய் ஓயாத ஏலக்காரனாக இருந்தவன் நான். பக்கவாதம் வந்தபின் இமையைத் தவிர உடம்பில் எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. மத்தியானத்தில் ஜன்னல் திரைச்சீலை உப்பி அடங்கும்; எழுத்துகள் போய்க்கொண்டே இருக்கும்; பாதிச் சொல்லில் தூங்கிப்போவேன். விழித்தால் மீதிச் சொல் காத்திருக்கும். அப்படி மிதந்தபடியே என் மனைவியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அவசரக்காரர்கள் வேறு எதையாவது படிக்கலாம்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாளெல்லாம் அடுத்தவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, ஃபிரேம் மூக்கை அழுத்துகிறதா, காதில் உரசுகிறதா என்று பார்ப்பாள். பிடித்த ஃபிரேம் அமைந்தால் ஜனங்கள் ஒரு கணம் கண்ணை மூடித் திறப்பார்களாம். சும்மா இமைப்பது வேறு, மனம் தீர்மானித்து இமைப்பது வேறு என்று அவளுக்கு அங்கேதான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னைக் கைகழுவியபோது அவள் மட்டும் குனிந்து, "ஆமான்னா மெதுவா மூடுங்க, போதும்" என்றாள்.

மாலை வகுப்பில் கற்ற கம்ப்யூட்டர் பாடத்தை வைத்து இந்த மென்பொருளை எழுதினாள். ஒவ்வொருவருடைய வழக்கமான இமைப்பையும் பழகிக்கொண்டு, அதை ஒதுக்கிவிட்டு, வேண்டுமென்றே இமைப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும். எழுத்து மாறும்போதெல்லாம் சின்னதாக ஒரு 'டிக்'. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று பொதுத் தளத்தில் போட்டுவிட்டாள். எங்கெங்கோ என்னைப்போல் படுத்திருப்பவர்கள் வந்து சேர்ந்தார்கள். எங்கள் அரட்டைக் குழுவில் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். யாருக்கும் அவசரமில்லை.

ஒருநாள் ஒரு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல். இமைப்பைப் பிரித்தறியும் இந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை வாங்கியிருக்கிறார்களாம். மென்பொருளைத் தளத்திலிருந்து எடுக்காவிட்டால் வழக்காம். திட்டி எழுதத் தொடங்கினேன். ஆனால் இமையால் திட்டி முடிப்பதற்குள் கோபம் ஆறிப்போகிறது.

வக்கீலான என் தங்கை வந்தாள். "அண்ணி, நான் விவாகரத்து கேஸ் பாக்கறவ. விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். அவங்க விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே இது எல்லார் பார்வைக்கும் வந்திருந்தா, அந்தக் காப்புரிமை நிக்காது."

"முன்னாடியேதான் போட்டேன்."

"அப்ப காட்டுங்க."

மனைவியின் முகம் தொங்கிப்போனது. அந்தத் தளத்தில் செய்த ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு தங்கும். ஆனால் கெட்டிக்காரர்கள் பலர் வந்து பார்க்கத் தொடங்கியதும், விருந்தாளிக்கு வீடு கூட்டுவது போலப் பழையதையெல்லாம் துடைத்துவிட்டுச் சுத்தமான பிரதியைப் புதிதாக ஏற்றியிருந்தாள். டிக் சத்தமும் அந்தக் குப்பையோடு போனது.

"ஆரம்பத்துல எழுதினது அசிங்கமா இருந்துச்சு. அழிச்சிட்டேன்."

"கோர்ட்டுக்கு அசிங்கமா இருந்தா பரவாயில்ல அண்ணி. இருந்தா போதும்."

பழைய பிரதி யாரிடமாவது உண்டா என்று குழுவில் கேட்டாள். எல்லாரும் சொன்னபேச்சு கேட்கிறவர்கள், புதியதற்கு மாறியிருந்தார்கள். அன்று அரைத்தூக்கத்தில், தெருவில் ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு அணைவதைக் கண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. என்னிடம் இருப்பதைப் பிடுங்க யாரும் வரமாட்டார்கள். இனிமேல் வாயடைத்துப் படுக்கப்போகிறவர்கள் எங்கே போவார்கள்?

அப்போதுதான், நாங்கள் முசுடு என்று பெயர் வைத்திருந்தவர் நினைவுக்கு வந்தார். படுக்கையில் இருந்த தன் மனைவிக்காகக் குழுவில் சேர்ந்தவர். டிக் போனதும், அதைத் திருப்பிக் கொடு என்று மல்லுக்கு நின்றார். என் மனைவி மசியவில்லை. "நான் தனியாகப் போகிறேன்" என்று அறிவித்துவிட்டு, தன் பழைய பிரதியோடு தனிக்குடித்தனம் போனார். இந்த மாதிரி மென்பொருளில் அதற்கு யாருக்கும் உரிமை உண்டு. ஆனாலும் இவள் அன்று அழுதாள். அதன்பின் பேச்சுவார்த்தை இல்லை.

'முசு' என்று எழுதியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அவர் மூஞ்சில போய் எப்படிங்க முழிப்பேன்?"

முழித்துத்தான் பார்த்தாள். முதன்முதலில் வெளியான வாரத்திலேயே அவர் அதே தளத்தில் எடுத்துவைத்த பிரதி, எல்லார் பார்வைக்கும், நிறுவனம் விண்ணப்பித்ததற்கு முந்தைய தேதிகளோடு, அவளுடைய அசிங்கங்கள் அத்தனையோடும் அப்படியே இருந்தது. நன்றி சொல்லி எழுதினாள். அவருடைய பதில் வந்தது: "தாராளமாகக் காட்டுங்கள். என் மனைவிக்குக் கடைசியில் பார்வை போய்விட்டது. அந்தச் சத்தத்தை எண்ணித்தான் எழுத்தைப் பிடிப்பாள். போகிற நாள்வரை பேசிக்கொண்டிருந்தாள். இப்போது எனக்கு அது தேவையில்லை, ஆனால் நிறுத்த மனம் வரவில்லை."

தங்கை தேதிகளை அனுப்பினாள். சில வாரத்தில் நிறுவனம் மிரட்டலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தவள், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என் திரைமுன் உட்கார்ந்து எதையோ மாற்றினாள். எழுத்துகள் நகர்ந்தன. டிக். டிக். நான் எழுதத் தொடங்கினேன். நடுவில் கண் செருகியது, அவள் எழுந்திருக்கவில்லை. கடைசி எழுத்து விழும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

'டிக் எங்கேன்னு அப்பவே எழுதினேன்.'

வாசித்துவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுதினீங்க. 'டிக்'னு பாதியில தூங்கிட்டீங்க. இமை தவறி விழுந்த எழுத்துன்னு நெனச்சு நான்தான் அழிச்சிட்டேன்" என்றாள்.