தறியை நிறுத்திவிட்டு ஆடிய ஆட்டம்

வீடியோ கேம்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது என் வழக்கம். ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பையன்கள் புதிதாக வந்த கேமைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், நான் என் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்த மேஜைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். அவர்களுக்கு நான் அக்கா முறை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகவும் முடியாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நூறு பேர் பாராசூட்டில் குதித்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் கேமின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது. ஏதாவது ஒரு வீட்டு பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பாதிப்பேர் தாங்களாகவே செத்துப்போவார்கள். அப்படி ஒளிந்திருந்தே நான் கடைசிவரைக்கும் வந்திருக்கிறேன். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? வாளும் குதிரையுமாக வரும் பெரிய கதை கேம்களில் பேச்சு அதிகம். ஒரு வாளைக் கையில் வாங்குவதற்குள் கிழவர்கள் வரிசையாக வந்து தங்கள் ஊர் வரலாற்றைச் சொல்லி முடிக்க வேண்டும். அதற்கு நான் ஏதாவது ஒரு கல்யாண வீட்டுக்குப் போவேன், சாப்பாடாவது கிடைக்கும். போனில் பயிர் வைக்கிற கேமை என் மாமனார் ஆடுகிறார். தோட்டத்துத் தென்னைக்குத் தண்ணீர் கட்ட ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டே, போனில் இருக்கிற தக்காளிக்கு விரலால் தண்ணீர் விடுவார். மிட்டாய்களை வரிசை சேர்க்கிற கேமைப் பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது ஆடலாம். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மேலேயிருந்து விழுகிற கட்டைகளை அடுக்கும் பழைய கேம் ஒன்றுதான் யோக்கியமானது. அடுக்கத் தெரிந்தால் ஆடலாம், தெரியாவிட்டால் தோற்க வேண்டியதுதான். நடுவில் கைதட்டி நம்மை ஏமாற்றாது.

ஆனால் நான் ஆடியதிலேயே நல்ல கேம் எது என்று கேட்டால், அதன் பெயர் எனக்குத் தெரியாது. கேசட்டின் மேல் எழுதியிருந்தது எந்த ஊர் எழுத்து என்றே புரியவில்லை. ஜீப் கேம் என்று நாங்களாகப் பெயர் வைத்துக்கொண்டோம். நாங்கள் என்றால் நானும் என் அத்தையும்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்குடோன், விசைத்தறிகள் ஓடுகிற கொட்டகை. காலையிலிருந்து ராத்திரிவரை தறி அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. உப்பு எங்கே என்று கேட்பதே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். வெளியூர் விசேஷங்களுக்குப் போனால் அப்பாவும் அம்மாவும் சாதாரணமாகப் பேசுவதைப் பார்த்துச் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வந்தவர்கள் உண்டு.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அந்த வருஷம் தை மாதம்தான் ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்காரர்கள் வீட்டுக்குக் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். தலை ஆடிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்து அழைத்து வருவதுதான் முறை. யாரும் போய் அழைப்பதற்கு முன்பே அத்தை தனியாக வந்துவிட்டாள். ஈரோட்டிலிருந்து வருகிற பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் கோயமுத்தூர் போகும். அத்தை எங்கள் ஊரில் இறங்கவில்லை. காந்திபுரம்வரை போய், அங்கே கடைகடையாக ஏறி இறங்கிவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் டிவி கேம் பெட்டி. எனக்குக் கேம் வாங்குவதற்காகத்தான் அவ்வளவு தூரம் போய் வந்தாள் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

அத்தையின் வலது கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தது. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்றாள். அதனால் எனக்குத்தான் கஷ்டம். சுடுகிற பட்டன் வலது கட்டைவிரலுக்கு நேராக இருக்கும், அத்தையால் அதை அமுக்க முடியாது. கன்ட்ரோலரை மடியில் வைத்து ஆள்காட்டி விரலால் குத்துவாள். கட்டுப் பிரித்த பிறகும் விரல் கொஞ்சம் கோணிக்கொண்டு நின்றதால் அந்தப் பழக்கமே நிலைத்துவிட்டது. அவளைப் பார்த்துத்தான் நானும் ஆடக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் நான் கன்ட்ரோலர் பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்து ஆபீஸில் சிரிப்பார்கள்.

பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது நாலைந்துதான், மற்றதெல்லாம் அதே கேம் வேறு கலரில். ஒவ்வொன்றைப் பற்றியும் அத்தை ஒரு தீர்ப்புச் சொல்வாள். வாத்து சுடுகிற கேம் பாவம் என்றாள். கோட்டைக்குள் அடைத்து வைத்த பெண்ணை மீட்கிற கேமை ஒரே ஒரு தடவை ஆடிவிட்டு, அந்தப் புள்ளைக்கு என்ன கை கால் இல்லையா, தானாக எழுந்து வரக்கூடாதா என்று கேட்டாள். கேம்களைக் குறை சொல்கிற குணம் எனக்கு அவளிடமிருந்து வந்ததுதான்.

ஜீப் கேம் மட்டும் இரண்டு பேருக்கும் பிடித்தது. சிவப்பு ஜீப் எனக்கு, நீல ஜீப் அத்தைக்கு. இரண்டும் சேர்ந்து போனால்தான் திரை மேலே நகரும். ஒரு ஜீப் நின்றுவிட்டால் மற்றதும் நிற்க வேண்டியதுதான். கடைசியில் ஒரு பெரிய இரும்புக் கதவு வரும் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. அந்தக் கதவைப் பார்ப்பதுதான் அப்போது என் வாழ்க்கையின் லட்சியம்.

பார்க்கத் தறி விடவில்லை. தறியில் இழை அறுந்தால் நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டுவார்கள். ஓட்டுகிற அந்த நொடியில் வீட்டில் வோல்டேஜ் இறங்கும். ஸ்டெபிலைசர் டக்கென்று ஒரு சத்தம் போடும், டிவி அணைந்து எரியும், ஜீப் கேம் முதல் ஸ்டேஜில் போய் நிற்கும். எங்கே நிறுத்தினோமோ அங்கேயிருந்து தொடர்கிற வசதியெல்லாம் அந்தக் காலத்துப் பெட்டியில் கிடையாது. தறியைக் கொஞ்சநேரம் நிறுத்துங்கள் என்று அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். ஆயுத பூசைக்கும் சாவுக்கும் தவிரத் தறி நிற்காது என்று சொல்லிவிட்டார்.

அத்தை ஆடிக்கு வந்திருக்கிறாள் என்று அம்மா தெருவில் சொல்லி வைத்திருந்தாள். ஆடி முடிந்து ஆவணியும் வந்தது. அதற்குமேல் சொல்ல அம்மாவிடம் காரணம் இருக்கவில்லை. அத்தை திரும்பிப் போவாளா மாட்டாளா என்று பெரியவர்கள் கவலைப்பட்டதும், இரும்புக் கதவு வருவதற்குள் போய்விடுவாளோ என்கிற என் கவலையும் ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒரு நாள் காலையில் ஈரோட்டிலிருந்து கார் வந்தது. மாமாவும் அவருடைய பெரியப்பாவும் இறங்கினார்கள். அத்தை எழுந்து உள்ளறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இந்த மாதிரி விஷயத்தை நாலு தெருவுக்குக் கேட்கக் கத்திப் பேசக்கூடாது என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். குடோனுக்குப் போய்த் தறியையெல்லாம் நிறுத்தச் சொல்லி, ஆட்களை டீக்கடைக்கு அனுப்பினார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் காதே அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது, தறி நின்றால் வோல்டேஜ் இறங்காது, டிவியும் அணையாது. அத்தை கையில் கன்ட்ரோலரைத் திணித்து கேமை ஆரம்பித்தேன்.

தறியை நிறுத்தினார்களே தவிர, குரலை இறக்க எங்கள் வீட்டு ஆட்களுக்குத் தெரியவில்லை. அப்பா தறி ஓடுகிறபோது பேசுகிற அதே குரலில் பேசினார். அவர் அப்படிப் பேசவும் வந்தவர்களும் தங்களை அறியாமல் சத்தத்தை ஏற்றிக்கொண்டார்கள். ரகசியமாகப் பேசி முடிக்க நினைத்தது ஒவ்வொரு சொல்லாக உள்ளறைக்கு வந்தது, வாசல் தாண்டித் தெருவுக்கும் போனது.

“புருசன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இருக்குமுங்க” என்றார் ஈரோட்டுப் பெரியவர். “கோவத்துல கை நீட்டிப்போட்டான். அதுக்காவ பொறந்த ஊட்டுல வந்து உக்காந்துக்கறதுங்களா?”

கேமில் நாங்கள் அதுவரை பார்த்தேயிராத ஒரு பாலத்தைக் கடந்துகொண்டிருந்தோம். பிறகு அப்பாவின் குரல் வந்தது. “வார புதங்கெழம நானே கொண்டாந்து உட்டுப்போடறனுங்க.”

நீல ஜீப் நின்றுவிட்டது. என் சிவப்பு ஜீப்பும் மேலே போக முடியாமல் முட்டிக்கொண்டு நின்றது. சுற்றிலும் குண்டு விழுகிறது, அத்தை திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அழுகை முட்டியது. வாங்க அத்தை, நீங்க வந்தாத்தான் நகரும் என்று அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன். வாரேன் கண்ணு என்றாள். நீல ஜீப் கிளம்பியது.

கதவு வந்தபோது அப்பாவும் வந்தார். பெரியவர்கள் கூப்பிடுகிறார்கள், காப்பி எடுத்துக்கொண்டு வா அம்மணி என்றார். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

“இது முடியட்டுங்ணா.”

அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். இரும்புக் கதவைப் பாருங்கள் என்று நான் கத்தியும் அவர் டிவியைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் கோணி நிற்க, ஆள்காட்டி விரலால் பட்டனைக் குத்திக்கொண்டிருந்த அத்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஆடுவதை அவர் அதுவரை பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

கதவு உடைந்தது. இரண்டு ஜீப்பும் சேர்ந்து உள்ளே போயின. ஒரு பாட்டு வந்தது, இங்கிலீஷில் ஏதோ எழுத்து வந்தது, கடைசியில் திரை கறுத்து, முதல் ஸ்டேஜின் அதே சாலை, அதே மரங்கள்.

“மறுபடியும் மொதல்லருந்தா கண்ணு?” என்று கேட்டாள் அத்தை.

ஆமாம் என்றேன் குதித்துக்கொண்டே. அவள் கன்ட்ரோலரைத் தரையில் வைத்தாள். முகத்தைக்கூடக் கழுவவில்லை, காப்பியும் எடுக்கவில்லை, நேராக முன்னறைக்குப் போனாள். அவள் இல்லாமல் என் ஜீப் நகராது, அதனால் கூப்பிட்டுக்கொண்டே நானும் பின்னால் போனேன்.

அத்தை ஏதோ சொன்னாள். அது எனக்கே கேட்கவில்லை. அந்த ஈரோட்டு வீட்டில் இருந்த கொஞ்ச மாதத்திலேயே அவள் மெதுவாகப் பேசப் பழகியிருந்தாள். பெரியவர் காதை முன்னால் நீட்டி, என்னங்கம்மணி என்றார்.

“நான் வரலீங்க” என்றாள் அத்தை. இந்த முறை அது எங்கள் வீட்டுக் குரல். “எப்பவும் வரலீங்க.”

எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பெரியவர் அப்பாவைப் பார்த்தார். சற்று முன்னால்தானே வாக்குக் கொடுத்தீர்கள் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. அப்பா நிலைப்படியை விட்டு வந்து அத்தைக்குப் பக்கத்தில் நின்றார். “அம்மணி சொன்னதுதானுங்க” என்றார்.  மாமா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குப் போனார். கார் போனதும் ஆட்கள் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு தறியாக ஓடத் தொடங்கியது. ஸ்டெபிலைசர் டக்கென்றது, உள்ளறையில் டிவி அணைந்து எரிந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம்.  இவ்வளவு நல்ல நாளில் இவர்கள் ஏன் இப்படி உம்மென்று இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நாங்கள் கதவை உடைத்ததை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று வருத்தம் வேறு. அதனால் என் மனதில் இருந்ததைத் தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி அப்பாவிடம் சொன்னேன்.

“அந்த மாமா வாராவாரம் வரட்டுங்கப்பா. அப்பத்தான் நீங்க தறிய நிறுத்துவீங்க.”

சட்னி ஊற்ற வந்த அம்மாவின் கரண்டி தோசைக்கு மேலேயே நின்றது. அப்பா தட்டைப் பார்த்தார். அத்தைதான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, அம்மா அவள் தலையில் தட்டிக்கொடுக்க, பிறகு அப்பாவும் சிரித்துவிட்டுத் துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தார். என் யோசனை எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த லீவு நாளில் நான் காலையிலேயே குளித்து, கேசட்டை ஊதிப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டு, வாசலில் போய் நின்றேன். அவினாசிப் பக்கமிருந்து வருகிற கார் ஒவ்வொன்றையும் பார்த்தேன். மத்தியானம்வரை மாமா வரவில்லை. தறி ஓடிக்கொண்டே இருந்தது. அந்த மாமா மேல் எனக்கு முதல்முதலாகக் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.