வெயில் வளைத்த கை

அந்தச் செயற்கைக் கையை வரைந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. வரைபடம் இணையத்தில் கிடந்தது. எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுங்கள், மாற்றியதைத் திரும்ப இங்கே போடுங்கள் என்று கீழே எழுதியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்கு எதற்கு இந்தக் கரிசனை?

யுத்தம் முடிந்து சில வருடங்கள். தென்னந்தும்பு மில்லில் இடக்கை விரல்கள் நாலையும் இழந்த என் தங்கை முறைக்காரி, சாச்சியின் மகள், பாலாவி உப்பளத்தில் வேலை கேட்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை ரெண்டு கையாலயும் உப்பு வாரிக் காட்டு. இல்லாட்டி வேற ஆள்," என்றாராம் மேற்பார்வைக்காரர்.

கணினி வகுப்பு நடத்தும் கூட்டாளியிடம் பிளாஸ்டிக்கை உருக்கிப் படை படையாக அடுக்கும் இயந்திரம் இருந்தது. அந்தக் கை உருவாகும்வரை ஒரு பகல் முழுக்க அதன் முன்னால் நின்றேன். ஒரு விரல் எங்கே தொடங்குகிறது? நகத்திலா, நினைப்பிலா? மூட்டுகளை மீன்பிடித் தங்கூசி நூலால் கோத்தோம். மணிக்கட்டை மடக்கினால் விரல்கள் மூடும்.

"நண்டு மாதிரி இரிக்கு நானா," என்று மாட்டிப் பார்த்துச் சிரித்தாள் தங்கை. அது பாண் துண்டைப் பிடித்தது, கோப்பையைப் பிடித்தது. உப்பு வாரும் பலகையின் கம்பு மட்டும் வழுக்கிக்கொண்டே போனது.

வியாழக்கிழமை, பழந்துணியால் அந்த விரல்களைக் கம்போடு கட்டிப் பாத்தியோரம் பழகினாள். மதிய லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. ஒழுச் செய்யத் தண்ணீர் தோலில் படவேண்டும். கட்டை அவிழ்க்காமல் தன் கையை மட்டும் உருவிக்கொண்டு, கம்பைத் தகரக் கொட்டிலில் சாய்த்துவிட்டுப் போனாள்.

தொழுதுவிட்டு வந்தபோது பிளாஸ்டிக் விரல்கள் இளகிக் கம்பைச் சுற்றிப் படிந்திருந்தன.

"நாசமாப் போச்சு! கொதிக்கிற தகரத்திலயா வைப்பாங்க?"

"கத்தாதீங்க நானா. ஆறட்டும்."

நிழலில் அது இறுகியது. துணியை அவிழ்த்தாள், கையை மாட்டினாள், இழுத்தாள். கம்பு வழுக்கவில்லை. உப்பு அவள் பின்னால் வெள்ளையாகத் திரண்டு வந்தது.

"இனி விரல் விரியாதே. கோப்பை எப்படிப் பிடிப்பாய்?"

"தேத்தண்ணிக்கு மத்தக் கை இரிக்கு. நீங்க கையச் செஞ்சீங்க, வெயில்தான் அதுக்கு வேல படிச்சுக் குடுத்திச்சு."

வெள்ளிக்கிழமை வாரிக் காட்டினாள். இடம் கிடைத்தது.

மாற்றியதை இணையத்தில் திரும்பப் போடவேண்டுமே. அந்த வளைவை அளக்கக் கையை ஒரு நாள் தரச்சொல்லிக் கேட்டேன்.

"ஒரு நாளா? நாளைக்கு வேல இரிக்கே. பாத்திக்கு வந்து அளந்துக்கோங்க."

அளவு நாடாவோடு உப்புத் தண்ணீரில் இறங்கினேன். அவள் வாரிக்கொண்டே போனாள். நான் பின்னாலேயே அளந்துகொண்டு நடந்தேன்.