பஸ்ஸுக்கு நிற்கிற முகம்

விசா மையத்துக்கு எதிரே இருந்த எங்கள் போட்டோ கடைக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. அந்தப் பெயரைத் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. போட்டோ எங்கே எடுக்கலாம் என்று யாராவது கேட்டால், "சிரிக்காதீங்க அண்ணன் கடைக்குப் போங்க" என்றுதான் மையத்துக் காவலாளி கை காட்டுவார். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேரிடம் "சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே அண்ணனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஊருக்குத்தான் அந்த உபதேசம். அவர் வாய் எந்நேரமும் காதுவரை இருக்கும்.

நான் அங்கே பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் எனக்குக் குரலே எழும்பாது. அது தெரிந்து அண்ணன் என்னைத் திரைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன்பு உட்கார வைத்தார். கல்யாண ஆல்பம், குடும்பப் படம் எல்லாவற்றுக்கும் டச்சப் செய்வது என் வேலை. பருவை எடுப்பேன், கண்ணுக்குக் கீழே இருக்கிற கருப்பை எடுப்பேன், கழுத்துச் சுருக்கத்தை நீவி விடுவேன். அந்தத் துணித் திரையில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியே முன்னால் நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் பார்ப்பது யாருக்கும் தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஸ்டூல், சுவரில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட வெள்ளைத் துணி, இரண்டு விளக்கு. துணியில் ஒரு மடிப்பு தெரிந்தாலும் நிழல் விழுந்துவிடும் என்று தினமும் காலையில் அண்ணனே இஸ்திரி போடுவார். எந்த நாட்டுக்கு எந்த அளவு, முகம் எத்தனை மில்லிமீட்டர், பின்னணி வெள்ளையா சாம்பலா என்று ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருப்பார். வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஏதாவது ஒரு நாடு விதியை மாற்றும். "இவங்களுக்கு வேற வேலையே இல்ல தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே அழித்து எழுதுவார்.

ஆணியில் மூன்று கருநீலச் சட்டைகள் தொங்கும். சின்னது, நடுத்தரம், பெரிசு. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இருப்பதிலேயே நல்ல சட்டை என்று வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். வெள்ளைத் துணிக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தால் தலை மட்டும் காற்றில் மிதக்கும். அதற்குத்தான் அந்தச் சட்டைகள். கொத்தனார், டிரைவர், சமையல்காரர், தையல் தொழிற்சாலைக்குப் போகிறவர் எல்லாரும் அந்த மூன்று சட்டைக்குள் நுழைந்துதான் கடல் தாண்டினார்கள். சனிக்கிழமை நான் துவைத்துக் காயப்போடுவேன்.

ஸ்டூலில் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் உடம்பு விறைத்துவிடும். அண்ணன் கேமராவுக்குப் பின்னாலிருந்து பேச்சுக் கொடுப்பார்.

"அய்யா, ஏன் இப்படி முறைக்கிறீங்க? நான் உங்க பொண்ணக் கட்டிக்கிட்டுப் போயிட்டேனா?"

அவர் சிரித்துவிடுவார்.

"ஐயையோ, சிரிக்காதீங்க. சிரிச்சா விசா கிடையாது. கோபமும் வேணாம், சந்தோஷமும் வேணாம். பஸ்ஸுக்கு நிக்கிறப்ப மூஞ்சி எப்படி இருக்கும்? வருமா வராதான்னு தெரியாது. வந்தாலும் சரி, வராட்டியும் சரி. ஆங், அதுதான். அப்படியே இருங்க."

பஸ்ஸுக்கு நிற்கிற முகம் என்று சொன்னால் யாருக்கும் புரிந்துவிடும். அந்த நொடியில் படத்தை எடுத்துவிடுவார்.

கல்யாணப் படத்தில் நான் என்ன செய்தாலும் அண்ணன் கேட்க மாட்டார். விசாப் படம் வேறு. "விசா முகத்துல கை வைக்காதே" என்று பெரிய எழுத்தில் எழுதி என் கம்ப்யூட்டர் தலைமேல் ஒட்டியிருந்தார். மரு இருந்தால் இருக்கட்டும், வெட்டுக்காயம் இருந்தால் இருக்கட்டும். அந்த முகத்தோடுதானே அவர்கள் அங்கே போய் நிற்க வேண்டும் என்பார்.

இத்தனை பேரை அனுப்பிவைத்த அண்ணன் தாம் எங்கும் போனதில்லை. அண்ணிதான் போயிருந்தார். எட்டு வருடமாக வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில், வயதானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, படுக்கை மாற்றுகிற வேலை. இரண்டு முறை விடுப்பில் வந்தார். மூன்றாவது வருடம் அண்ணன் ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று விசா கேட்டார். திரும்பி வருவதற்குப் போதுமான காரணம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள்.

அண்ணன் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு ஸ்டூலு, ஒரு வெள்ளத் துணி, மூணு சட்ட. இதுக்காக எவன் திரும்பி வருவான்னு கேக்கறாங்க. நியாயமாத்தானே இருக்கு?" என்று சிரித்தார். ஆனால் அன்று துணிக்கு இஸ்திரி போடும்போது ஓர் ஓரத்தைக் கருக்கிவிட்டார்.

எட்டாவது வருடம் அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். அதே முதியோர் இல்லத்துச் சமையலறையில் உதவியாளர் வேலை. அண்ணனின் பெயருக்கே வேலைக் கடிதம் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. விண்ணப்பம் கொடுக்கும் நாளில் ஐம்பது வயது நிறைந்திருக்கக் கூடாது. அண்ணனுக்கு ஐம்பது நிறைய அப்போது ஐந்து மாதம் இருந்தது.

ஐந்து மாதம் தாராளம் என்றுதான் நினைத்தோம். காவல்துறைச் சான்றிதழ் வர மூன்று மாதம் ஆனது. மருத்துவப் பரிசோதனையில் எக்ஸ்ரே சரியாக விழவில்லை என்று மறுபடி கூப்பிட்டார்கள். எல்லாம் கைக்கு வந்து மையத்தில் நேரம் வாங்கியபோது கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. வெள்ளிக்கிழமை அவருக்கு ஐம்பது. அதை விட்டால் அடுத்த நேரம் மூன்று வாரம் கழித்து.

திங்கட்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு அவரைப் படம் எடுத்தோம். அண்ணன் பெரிய நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கேமரா என் கையில்.

உட்கார்ந்ததும் சிரிப்பு.

"அண்ணே, சிரிக்காதீங்க" என்றேன்.

அதைக் கேட்டு இன்னும் சிரித்தார். "நீ அதச் சொல்ற பாரு தங்கச்சி! பூனைக்குட்டி அதட்டற மாதிரி இருக்கு."

"பஸ்ஸுக்கு நில்லுங்க அண்ணே."

"நிக்கறேன் நிக்கறேன்." இரண்டு நொடி. மறுபடி தோள் குலுங்கியது. முப்பத்தொரு படம் எடுத்தேன். அதில் ஒன்றே ஒன்றுதான் தேறியது.

அந்த ஒன்றைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை வருடமும் சிரிப்போடு பார்த்த முகம். சிரிப்பு இல்லாதபோது அதில் வயது தெரிந்தது. கண்ணுக்குக் கீழே பை. தாடையில் ஒரு பழைய தழும்பு. வாரக்கணக்காக நாங்கள் பேசியதெல்லாம் வயது, வயது, வயது. இந்த முகத்தைப் பார்த்தால் ஐம்பத்தைந்து என்றல்லவா சொல்வார்கள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. தேதியைப் பாஸ்போர்ட்டில்தான் பார்ப்பார்கள், முகத்தில் அல்ல என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை போனது. முதலில் பையை எடுத்தேன். பிறகு நெற்றிக் கோடு. பிறகு தழும்பு. தலைமேல் ஒட்டியிருந்த காகிதத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மற்றவர்கள் படத்தையெல்லாம் ஸ்கேல் வைத்து அளந்து கொடுக்கிற அண்ணன், தம் படத்தைக் கவரிலிருந்து எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம மூஞ்சிதானே, எங்க ஓடிடப் போவுது" என்று ஃபைலில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அவர் சாலையைக் கடந்து திரும்பி வருவதைத் திரைக் கிழிசல் வழியே பார்த்தேன். நடையிலேயே தெரிந்துவிட்டது.

உள்ளே வந்து படத்தை என் மேசைமேல் வைத்தார். "யாரு தங்கச்சி இந்த ஆளு? நல்லா சினிமா நடிகன் மாதிரி இருக்கான். நமக்குத் தெரிஞ்சவனா?"

நான் படத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"பாஸ்போர்ட்டுப் படத்துல தாடையில தழும்பு தெளிவா இருக்கு. கவுன்ட்டர்ல இருந்த அம்மா என் தாடையப் பாக்கறாங்க, படத்தப் பாக்கறாங்க. 'இது உங்க தம்பியா சார்?'ங்கறாங்க." சொல்லிவிட்டு ஆணியிலிருந்து நீலச் சட்டையை எடுத்தார். "நாலு மணிக்குள்ள வேற படம் கொண்டுவந்தா வாங்கிக்கறேன்னிருக்காங்க. வா, எடு."

திங்கட்கிழமை எடுத்ததையே மறுபடி அச்சடிக்கலாமே என்று கேட்பீர்கள். திருத்திய படத்தை அசலின் மேலேயே சேமித்துவிட்டு, சிரித்த முப்பதையும் அழித்திருந்தேன். கல்யாணப் படங்களில் அதுதான் என் பழக்கம். அதைச் சொன்னபோது அண்ணன் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கேமராவைத் தூக்கினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

அது பொல்லாத சிரிப்பு. அடக்க அடக்க வந்தது. "இரு தங்கச்சி, இரு" என்று கன்னத்தில் தாமே தட்டிக்கொள்வார், நேராக உட்காருவார், மறுபடி வெடிக்கும். மூன்று முப்பது ஆனது. மூன்று நாற்பது ஆனது. அவர் கண்ணில் தண்ணீர். சிரிப்பில் வந்ததா வேறு எதிலா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"பஸ்ஸு போயிடும் அண்ணே" என்றேன். குரல் உடைந்துவிட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

எடுத்தேன்.

அச்சு இயந்திரம் அன்றைக்கு இருந்த வேகத்துக்கு அதை உதைக்கலாம் போலிருந்தது. படம் வெளியே வந்ததும் வெட்டிக் கொடுத்தேன். ஈரம் காய்வதற்காக அதை விசிறிக்கொண்டே, நீலச் சட்டையைக்கூட மாற்றாமல், செருப்பில்லாமல் சாலைக்கு ஓடினார். காவலாளி கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு, "ஓடியாங்க ஓடியாங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்று கத்தினார். மையத்துக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் அன்று காலையில் எங்கள் கடையில் படம் எடுத்தவர்கள்.

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். ஏழு வாரத்தில் விசா வந்தது. பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிய பக்கத்தில் அண்ணன், தழும்போடும் பையோடும், வயதுக்கு ஒரு நாள்கூடக் குறையாமல் இருந்தார்.

அதற்குள் திருத்திய படத்தில் ஒன்றை அண்ணிக்கு அனுப்பிவைத்திருந்தார். அண்ணி கடைக்கே போன் செய்தார். "தங்கச்சி, தாடையில இருந்தத எங்கடி எடுத்து வெச்ச? அது நான் போட்டதுடி. கடை தொறந்த அன்னைக்கு நான்தான் ஷட்டரக் கை நழுவ விட்டேன். ரத்தம் ஒழுக ஒழுக அப்பவும் மனுசன் சிரிச்சுக்கிட்டு நின்னாரு. அத மட்டும் தொடாதே, சொல்லிட்டேன்."

"இனிமே தொடமாட்டேன் அண்ணி" என்றேன்.

அண்ணன் போன பிறகு நாலு வருடம் கடையை நான் நடத்தினேன். கேமராவுக்குப் பின்னால் நின்று நான் "சிரிக்காதீங்க" என்றால் யாருக்கும் கேட்காது. இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கும். பிறகு மையத்துக்குள்ளேயே கேமரா வைத்துவிட்டார்கள். ஒரு கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டும், இயந்திரமே எடுத்துக்கொள்ளும். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். நான் ஒரு தையல் கடையில் பொத்தான் தைக்கிறேன். வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது சுற்றியிருக்கிற முகங்களைப் பார்ப்பேன். எல்லாம் விசாவுக்குத் தயாரான முகங்கள்.

பெரிய நீலச் சட்டை மட்டும் அண்ணனோடு போய்விட்டது. அன்று போட்டுக்கொண்டு ஓடியவர், கழற்றித் திரும்ப ஆணியில் மாட்டவே இல்லை. போய்ச் சேர்ந்த வாரம் ஒரு படம் அனுப்பினார். இன்னும் என் போனில் இருக்கிறது. சமையலறைச் சுவர் வெள்ளையாக இருக்கிறது. பழக்கதோஷத்தில் அதற்கு நேர் முன்னால், காது இரண்டும் தெரிகிற மாதிரி, நீலச் சட்டையில் நிற்கிறார். பக்கத்தில் அண்ணி அவர் தாடையைப் பிடித்துத் தழும்பைக் கேமராவுக்குக் காட்டுகிறார். இருவரும் பல் முழுவதும் தெரியச் சிரிக்கிறார்கள்.

எந்த நாடும் வாங்கிக்கொள்ளாத படம். நான் அதில் கை வைக்கவில்லை.