என் படத்தின் முன் ஏற்றிய சுடர்

நவம்பர் மாதக் கடைசியில் வரும் மாவீரர் நாள் செத்தவர்களுக்கானது. புலிகள் இயக்கத்தில் இருந்து போரில் இறந்தவர்களுக்காகப் பெற்றோரும் சகோதரங்களும் மாலை ஆறு மணி தாண்டியதும் சுடர் ஏற்றுவார்கள். முன்பு துயிலும் இல்லங்களில் வரிசையாகக் கல்லறைகள் இருந்தன. புதைத்தது என்று சொல்லமாட்டோம், விதைத்தது என்போம். அவற்றை ராணுவம் இடித்துத் தள்ளிய பிறகு ஆட்கள் உத்தேசமாக ஓர் இடத்தில் நின்று ஏற்றுகிறார்கள். காலை இழந்தும் கண்ணை இழந்தும் உயிரோடு திரும்பியவர்களுக்கென்று ஒரு நாளும் கிடையாது.

நானும் திரும்பியவள்தான். இடுப்பில் ஓர் எறிகணைத் துண்டு இன்னும் இருக்கிறது. அரியாலையில் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். ஆட்களோடு அதிகம் கதைக்கமாட்டேன்.

கடைசிச் சண்டையில் நான் இறந்துவிட்டதாக வெளிநாட்டில் இருக்கும் அண்ணைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வருடம் அங்கே நடந்த மாவீரர் நாளில் என் படத்தையும் வைத்தார்கள். தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்து நான் முதன்முதலாக அழைத்தபோது அவர் வாய்விட்டு அழுதார். படத்தை எடுத்துவிடுவதாக அவரேதான் சொன்னார். அம்மாவும் அப்பாவும் இல்லாத எனக்கு அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு நான் அதை நினைக்கவே இல்லை.

போன வருடம் சட்டை தைக்கக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் தன் போனை நீட்டினாள்.

"அக்கா, இது நீங்களெல்லே?"

மாலை போட்ட படங்களின் வரிசையில் என் இருபது வயது முகம். அதன் முன்னால் அண்ணை, தலை நரைத்து, கறுப்புக் கோட்டோடு பொதுச்சுடர் ஏற்றிக்கொண்டு நின்றார். மாவீரரின் சகோதரர் என்று கீழே போட்டிருந்தது. நான் இல்லை என்று சொல்லிவிட்டு அவளுக்கு அளவெடுத்தேன்.

இரண்டு நாள் யோசித்த பிறகே அவரை அழைத்தேன்.

"அண்ணை, என்ரை படத்தை ஏன் இன்னும் வைக்கிறியள்?"

அது ஒரு மரியாதைதானே என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"தப்பி வந்தவையைப் பற்றி இஞ்சை என்னெண்டு கதைக்கினம் தெரியுமே? ஆமியோடை சேர்ந்தவை எண்டு. நீ செத்ததாவே இருக்கட்டும் பிள்ளை. உனக்கும் நல்லம்."

"உங்களுக்கு?"

கோயிலிலும் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் அவருக்கு முன்வரிசைக் கதிரை என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று போனை வைத்துவிட்டார்.

இந்த வருடம் எடுத்துவிடுவார் என்று நம்பினேன். அங்கும் எங்கள் நேரத்துக்கே ஏற்றுவதால் அவர்களுக்கு அது மதியம். வழக்கமாகச் சண்டையில் செத்த என் தோழிக்குச் சுடர் ஏற்றப் போகும் நான் அன்று போகாமல் அங்கே நடப்பதைப் போனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் நினைவு மணி ஒலித்தது. அண்ணை என் படத்தின் முன் குனிந்தார். சுடரை ஏற்றினார்.

வீட்டில் ஒருவரையும் எதிர்த்துக் கதைத்திராத நான், அந்தக் காணொளியின் கீழே எழுதினேன்: 'இடமிருந்து மூன்றாவது படத்தில் இருப்பது நான். உயிரோடு இருக்கிறேன்.' பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

சிறிது நேரத்தில் யாரோ பதில் போட்டார்கள்: 'மாவீரரைக் கேவலப்படுத்தும் பொய்க் கணக்கு. ஒருவரும் நம்ப வேண்டாம்.'

அந்தப் பதிலுக்கு லைக் போட்டவர்களின் பெயர்களைத் தட்டிப் பார்த்தேன். முதலாவது பெயர் அண்ணையுடையது.